ஏழு நாள் மாவோரி ஒளிபரப்பு: ஒரு மொழி வாரத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

நியூசிலாந்தில் அந்நாட்டுப் பூர்வகுடிகளின் மொழியான மாவோரிக்கான மொழி வாரம் 1975 முதல் ஆண்டுதோறும் கொண்டாடப்படுகிறது. அதன் வேர் 1972 செப்டம்பர் 14-ல் இருக்கிறது. பள்ளிகளில் மாவோரி கற்பிக்க வேண்டும் என்று முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு அன்றுதான் நாடாளுமன்றத்தில் கொடுக்கப்பட்டது. 1987-ல் மாவோரி ஆட்சிமொழியானது. 2004 மார்ச் 28 அன்று மாவோரிகளுக்கென்றே ஒரு தொலைக்காட்சி தொடங்கியது. இன்று அதன் பெயர் ஃபக்காட்டா மாவோரி. 2008-ல் முழுக்க மாவோரியிலேயே ஒளிபரப்பும் இரண்டாவது அலைவரிசையும் வந்தது.

இவற்றுக்கெல்லாம் முன்னால் நடந்த ஒன்றை இந்தத் துறையில் இருப்பவர்கள் அடிக்கடி நினைவுகூர்வார்கள். 1982 மொழி வாரத்தில் அரசுத் தொலைக்காட்சி சில நிமிட மாவோரிச் செய்தியைச் சோதனையாகப் போட்டது. மறு ஆண்டே அது ‘தெ கரெரே’ என்ற அன்றாடச் செய்தியாகி இன்றுவரை தொடர்கிறது. ஒரு வாரச் சோதனை நிரந்தர இடமாக மாறியதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. ஆனால் பெரும்பாலான மொழி வாரங்கள் அப்படி முடிவதில்லை. ஏழு நாள் வாழ்த்தும் பாட்டும் ஓடிவிட்டு எட்டாம் நாள் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

இங்கே பதிவாவது வட தீவில் உள்ள ஒரு வட்டார ஆங்கில அலைவரிசையின் மொழி வாரம். நிறுவனத்தின் பெயரும் ஆட்களின் பெயர்களும் தரப்படவில்லை. குழுவில் ஒரு தயாரிப்பாளர், ஓர் இயக்குநர், மொழி ஆலோசகராக ஒரு பெரியவர், சப்டைட்டில் எழுத இருவர், டப்பிங் வசனம் எழுத ஒருவர், காப்பகப் பொருள்களைத் தேட ஒருவர் இருந்தார்கள். தயாரிப்புக்குக் கிடைத்த அவகாசம் 12 வாரம்.

யாருக்காக என்ற கேள்வி

முதல் கூட்டத்தில் நிகழ்ச்சிகளைப் பற்றிய பேச்சே எழவில்லை. பார்க்கப்போவது யார் என்பதுதான் முதல் கேள்வியாக இருந்தது. 2023 கணக்கெடுப்பின்படி மாவோரி பேசத் தெரிந்தவர்கள் 2,13,849 பேர், அதாவது மக்கள்தொகையில் நூற்றுக்கு நான்கு பேருக்குச் சற்று மேல். அவர்களில் சரளமாகப் பேசுபவர்களுக்குச் சொந்த அலைவரிசை இருக்கிறது. ஆங்கில அலைவரிசையை வைத்திருக்கும் வீடுகளில் நான்கைந்து சொல் தெரிந்தவர்கள் உண்டு. பேரப்பிள்ளைகள் கோஹங்கா ரெயோ என்னும் மாவோரி மழலையர் பள்ளிக்குப் போவதால் காது பழகிய தாத்தா பாட்டிகளும் உண்டு. பேச வேண்டும் என்று மனதில் இருந்தும் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவர்களும் உண்டு.

மாவோரி ஒளிபரப்புக்கு நிதி தரும் தெ மாங்ஙாய் பாஹோ அமைப்பு நிகழ்ச்சிகளை மொழியின் அளவை வைத்துப் பிரித்து வந்தது. 70 சதவீதத்துக்கு மேல் மாவோரி இருந்தால் சரளமானவர்களுக்கு, 30 முதல் 70 வரை கற்பவர்களுக்கு, அதற்குக் கீழே இருந்தால் கேட்டுப் பழகுகிறவர்களுக்கு. குழு இதே பகுப்பை ஒவ்வொரு நேரத்துக்கும் பொருத்தியது. காலை அரை மணி நேரச் சிறுவர் நிகழ்ச்சி முழுக்க மாவோரி, சப்டைட்டில் கிடையாது. மாலை ஒரு மணி நேரப் பண்பாட்டு நிகழ்ச்சி நடுத்தர அளவு. இரவுச் செய்திக்குப் பின் வரும் வானிலையில் ஊர்ப் பெயர்களும் வானிலைச் சொற்களும் மட்டும்.

வானிலையில் மாவோரியைச் சேர்ப்பது சின்ன விஷயமாகத் தெரிந்தது. விளம்பரத்தில்கூட அதை யாரும் குறிப்பிடவில்லை. வாரம் முடிந்தபோது அதிகம் பலன் கொடுத்தது அதுதான்.

தயாரிப்பில் கவனித்தவை

டப்பிங்: பதினொரு நிமிடக் கார்ட்டூன் ஐந்து பகுதி. மாவோரியில் ஒவ்வோர் அசையும் உயிரில்தான் முடியும். மெய்யில் முடியும் சொல்லே கிடையாது. ஆங்கிலத்தில் வரையப்பட்ட வாயோ வசனத்தின் கடைசியில் பல இடங்களில் மூடிக்கொள்ளும். முதல் பகுதியைப் போட்டுப் பார்த்தபோது வாய் மூடிய பிறகும் ‘ஆ’ என்ற ஒலி நீண்டுகொண்டிருந்தது. வசன எழுத்தாளர் இரண்டு வழி கண்டார். நடுவில் உதடு மூடும் இடங்களில் ‘ம’ அல்லது ‘ப’வில் தொடங்கும் சொல்லை வைத்தார். கடைசியில் மூடும் இடங்களில் வசனத்தை மூன்று நான்கு ஃப்ரேம் முன்னதாகவே முடித்து, வாய் ஓசையில்லாமல் மூடும்படி விட்டார். நியூசிலாந்து ஒளிபரப்பில் நொடிக்கு 25 ஃப்ரேம் என்பதால் இது நொடியில் ஆறில் ஒரு பங்குக்குள் வருகிறது. கண்ணுக்குத் தெரியாது.

நெடில் குறி: மாவோரியில் குறிலும் நெடிலும் தமிழைப் போலவே பொருளை மாற்றும். கெக்கெ என்றால் கேக், கேக்கே என்றால் அக்குள். எழுத்தில் நெடிலுக்கு உயிரின் தலையில் ஒரு கோடு. அலைவரிசையின் பெயர்ப்பட்டை எழுத்துருவில் சிறிய எழுத்துகளுக்குக் கோடு இருந்தது, பெரிய எழுத்துகளுக்கு இல்லை. பெயர்ப்பட்டை முழுவதும் பெரிய எழுத்தில்தான் வரும். ஒத்திகையில் பெயர்கள் நடுவே வெற்றுக் கட்டங்கள் தெரிந்தன. எழுத்துருவை மாற்ற ஒரு நாள் போதுமானதாக இருந்தது. ஆனால் பழைய எழுத்துரு தலைப்பு, அறிவிப்பு, நிகழ்ச்சி அட்டவணை என்று தனித்தனி வார்ப்புகளில் பதிந்திருந்ததால் எல்லாவற்றையும் பிடிக்க ஒரு வாரம் ஆனது. பத்து நெடில்களையும் (ஐந்து பெரியது, ஐந்து சிறியது) ஒரே வரியில் எழுதி ஒவ்வொரு வார்ப்பிலும் ஓட்டிப் பார்ப்பதே சரியான சோதனை.

உரிமை: முன்னோட்டத்தில் ‘கா மத்தே’ என்ற ஹக்காவிலிருந்து, அதாவது குழுவாக முழங்கி ஆடும் ஆட்டத்திலிருந்து, சில நொடிகள் இருந்தன. 2014-ல் வந்த சட்டப்படி இந்த ஹக்காவைப் பொதுமக்களுக்கு ஒளிபரப்பினால், அதை இயற்றியவர் ங்காத்தி தோஆ ரங்கத்திரா குலத்தின் தலைவரான தெ ரௌபராஹா என்ற குறிப்பு இருக்க வேண்டும். மேடை நிகழ்த்தலுக்கும் செய்திக்கும் கல்விக்கும் விலக்கு உண்டு. விளம்பர முன்னோட்டத்துக்குக் கிடையாது. திரையின் கீழே ஒரு வரி சேர்க்கப்பட்டது.

சப்டைட்டில்: இருக்கலாமா என்பதில் விவாதம் இல்லை. எந்த மொழியில் என்பதில்தான் இருந்தது. திரையில் ஆங்கிலம் இருந்தால் கண் அதைத் தொட்டுக்கொள்ளும், காது ஓய்வெடுத்துக்கொள்ளும். ஆனால் எதுவும் புரியாதவர்களை ஒரு மணி நேரம் பிடித்து வைக்கவும் முடியாது. முடிவு: மாலை முதல் ஒளிபரப்பில் ஆங்கிலம், மறுநாள் மதிய மறு ஒளிபரப்பில் மாவோரி. ஒரே நிகழ்ச்சியை இரண்டாம் முறை பார்ப்பவருக்கு உள்ளடக்கம் தெரிந்திருக்கும், அதனால் எழுத்தையும் ஒலியையும் சேர்த்துப் பிடிப்பார் என்பது கணிப்பு.

மாவோரி சப்டைட்டில் எழுதுவது ஆங்கிலத்தைவிட இடம் கேட்கும் வேலை. தெ, ங்ஙா, கி, இ, கொ என்று சின்னச் சின்ன இடைச்சொற்கள் வரிசையாக வரும். வரிக்கு 37 எழுத்து, இரண்டு வரி, அதிகபட்சம் ஆறு நொடி என்ற அளவுக்குள் வைத்தபோது, இடைச்சொல் முதல் வரியின் கடைசியிலும் அதற்குரிய பெயர்ச்சொல் அடுத்த வரியிலும் போய் விழுந்தன. கற்பவருக்கு அது பெரிய தடை. இடைச்சொல்லும் பெயரும் பிரியக் கூடாது என்று குழு விதி வைத்துக்கொண்டது. அதனால் பல இடங்களில் ஒரு சப்டைட்டிலை இரண்டாக உடைக்க வேண்டியிருந்தது. ஒரு மணி நேர நிகழ்ச்சிக்குத் திட்டமிட்ட நேரத்தைவிட ஒன்றரை மடங்கு ஆனது.

திங்கள்: வரவேற்புச் சடங்கின் நேரலை

வாரத்தின் தொடக்கமாக ஒரு மராயில், அதாவது குலத்தாரின் கூடுமுற்றத்தில், நடந்த போஃபிரி என்ற வரவேற்பு நேரலையாகப் போனது. காலை 9 மணிக்குத் தொடங்கி 40 நிமிடம் என்று நிரலில் எழுதப்பட்டிருந்தது. நடுவில் 25-வது நிமிடத்தில் விளம்பர இடைவேளை.

போஃபிரியின் வரிசை தெரிந்ததே. வாயிலில் விருந்தினர் நிற்க, மராய்ப் பெண்கள் கரங்கா என்னும் அழைப்பைப் பாடுவார்கள். விருந்தினர் தரப்புப் பெண் பதில் பாடுவார். பிறகு ஆண்களின் உரைகள், ஒவ்வோர் உரைக்கும் பின்னால் அவர் தரப்பினர் எழுந்து பாடும் ஒரு பாடல். கடைசியில் மூக்கோடு மூக்கு வைக்கும் ஹோங்ஙி, அதற்குப் பின் உணவு. ஆனால் உரைகளின் முறை குலத்துக்குக் குலம் வேறு. சில இடங்களில் மராய்க்காரர்கள் அனைவரும் பேசி முடித்த பிறகே விருந்தினர் பேசுவார்கள். சில இடங்களில் இரு தரப்பும் மாறி மாறிப் பேசும். மாறி மாறிப் பேசும்போது ஒவ்வொருவரும் எதிர்த்தரப்பு சொன்னதற்குப் பதில் சொல்லித்தான் ஆரம்பிப்பார். நேரம் கூடுவது இயல்பு.

இயக்குநர் முதல் முறையை மனதில் வைத்து நேரம் போட்டிருந்தார். அந்த மராயில் இரண்டாவது முறை. 25-வது நிமிடத்தில் இரண்டாவது பேச்சாளர் நடுவில் இருந்தார். கன்ட்ரோல் ரூமிலிருந்து விளம்பரத்துக்குப் போகலாமா என்ற கேள்வி வந்தது. மொழி ஆலோசகர் தலையசைத்து மறுத்தார். பெரியவர் ஒருவர் முன்னோரின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது விளம்பரம் வந்தால், அந்த மராயின் வாயிலை இந்த அலைவரிசை இனி மிதிக்க முடியாது. தயாரிப்பாளர் விளம்பரத்தைக் கைவிட்டார். சிறுவர் நிகழ்ச்சி தள்ளிப்போனது. போஃபிரி 70 நிமிடம் ஓடியது.

இந்த முடிவு சரி என்பதில் குழுவில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் கேட்டிருந்தால் முன்பே தெரிந்திருக்கக்கூடிய விஷயம் இது. கேமராவுக்கான இடங்களை மட்டும் ஒரு வாரம் முன்பே மராய்க்காரர்களோடு நடந்து பார்த்துக் குறித்து வைத்திருந்தார்கள். இரு தரப்புக்கும் நடுவிலுள்ள வெளியை யாரும் குறுக்கே கடக்கவில்லை. அது பிசகில்லாமல் நடந்தது.

ஒலியில் ஒரு குறை. கரங்கா இரண்டு பெண்களுக்கு இடையே முற்றத்தின் இரு முனையிலிருந்தும் எழும் ஒலி. ஒரே மைக் தாழ்வாரப் பக்கம் இருந்ததால் அழைப்பு தெளிவாகவும், வாயிலிலிருந்து வந்த பதில் காற்றில் கரைந்தும் கேட்டது. இரு முனையிலும் தனித்தனி வயர்லெஸ் மைக், இரண்டுக்கும் காற்றுத் தடுப்பு உறை தேவை. பதில் குரல் இல்லாத கரங்கா பாதிச் சடங்கு.

செவ்வாய்: வட்டார வழக்கு

செவ்வாய் மாலை தென் தீவைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் கடல் உணவு சேகரிப்பு பற்றிய நிகழ்ச்சி. அங்குள்ள ங்காய் தாஹு குலத்தின் வழக்கில் ‘ங்’ வரும் இடத்தில் ‘க’ வரும். தூஹோயெ மக்கள் அதை ‘ன’ என்பார்கள். வங்கனுயிப் பக்கம் ‘ஹ’ ஒலியே தேய்ந்துவிடும். புதன் மதியம் மாவோரி சப்டைட்டிலோடு மறு ஒளிபரப்பு போனபோது, பேசியவர் ‘க’ என்று சொல்ல, திரையில் ‘ங்’ என்று வந்தது. சப்டைட்டில் எழுதியவர் பாடப்புத்தக வடிவத்துக்கு மாற்றியிருந்தார்.

அன்று மாலையே அந்தக் குடும்பத்திலிருந்து தொலைபேசி வந்தது. கோபமாகப் பேசவில்லை. எங்கள் பாட்டி பேசியதை யாரோ திருத்தியது போல இருக்கிறது என்று சொன்னார்கள். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்தப் பகுதியை விரிவாகப் பதிவு செய்கிறோம். ஒரு தலைமுறை பள்ளியில் தங்கள் மொழியைப் பேசியதற்காக அடி வாங்கியது. மிச்சம் இருக்கும் வழக்கை மொழி வாரத்தின் பெயரால் மறுபடி திருத்துவது எந்த வகையிலும் பொறுக்கத் தக்கதல்ல.

வியாழன் காலைக்குள் மீதி நிகழ்ச்சிகளின் சப்டைட்டில்கள் அனைத்தும் பேசியவரின் ஒலிப்படியே மாற்றப்பட்டன. குழப்பம் வருமோ என்று அஞ்சிய இடங்களில் நிகழ்ச்சியின் தொடக்கத்தில் பேசுபவரின் குலப் பெயரையும் ஊரையும் ஒரு வரியில் போட்டார்கள். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

புதன் இரவு முதல் ஞாயிறு வரை: ஒரு மறைவு

வெள்ளி மாலை நிகழ்ச்சியின் மையம் ஹரகெகெ (நியூசிலாந்து ஆளி எனப்படும் செடி) நார் கொண்டு நெய்யும் ஒரு மூதாட்டி. முன்னரே பதிவு முடிந்துவிட்டது. புதன் இரவு அவர் இறந்துவிட்டார்.

செய்தி மொழி ஆலோசகர் வழியாக வந்தது. தயாரிப்பாளர் முதலில் வெள்ளி நிகழ்ச்சியை நிறுத்தி வைத்தார். குடும்பத்தை அலுவலகத்திலிருந்து நேரடியாக அழைக்கவில்லை. ஆலோசகர் உறவுமுறையில் அவர்களோடு பேசக்கூடியவர் என்பதால் அவரே மராய்க்குப் போனார். தங்கிஹங்கா என்னும் இறுதிச் சடங்கு பொதுவாக மூன்று நாள் நடக்கும். அந்த நாள்களில் உடல் மராயில் இருக்கும், மறைந்தவரிடமே பேசுவார்கள், பாடுவார்கள். நிகழ்ச்சியைப் பற்றிக் கேட்க வேண்டிய நேரத்தை அவர்தான் தீர்மானிக்க முடியும்.

ஆனால் வியாழன் காலை முன்னோட்டம் இரண்டு முறை ஓடிவிட்டது. நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது ஒரு பட்டியலில். முன்னோட்டங்கள் வேறு பட்டியலில் தானியங்கியாக ஓடிக்கொண்டிருந்தன, கோப்புப் பெயர் வாரத்தின் பெயரில் இருந்ததால் அதில் யார் வருகிறார்கள் என்று பட்டியலில் தெரியாது. மூன்றாவது முறைக்கு முன் ஓர் ஊழியர் திரையைத் தற்செயலாகப் பார்த்து நிறுத்தினார். ஆலோசகர் இதைக் குடும்பத்திடம் தானே போய்ச் சொன்னார், அவர்கள் பிறர் சொல்லிக் கேள்விப்பட விடவில்லை.

குடும்பத்தின் பதில் வெள்ளி மாலை வந்தது. அடக்கம் சனிக்கிழமை. அதற்கு மறுநாள், ஞாயிறு மாலை போடலாம், வெட்ட வேண்டாம் என்றார்கள். முன்னோட்டம் மட்டும் வேண்டாம். வெள்ளி நேரத்துக்குப் பள்ளி மாணவர்களின் கப்பா ஹக்கா (வரிசையாக நின்று ஆடிப் பாடும் குழு நிகழ்ச்சி) பதிவு வைக்கப்பட்டது. அது எப்படியும் ஞாயிறுக்குத் தயாராக இருந்ததால் இடம் மாற்றுவது சுலபமாயிற்று.

அந்தப் பதிவைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். முதல் எடிட்டிங்கில் முகங்களின் நெருக்கக் காட்சிகள் அதிகம். கப்பா ஹக்காவில் வரிசை நகர்வும் ஒரே நேரத்தில் விழும் காலடியும் மதிப்பெண் பெறுபவை. முழு வரிசையும் தெரியும் அகலக் காட்சியை வெட்டினால் பிள்ளைகளின் மாதக்கணக்கான உழைப்பு திரையில் காணாமல் போகும். நெருக்கக் காட்சிகளில் பாதி எடுக்கப்பட்டு அகலக் காட்சி நிரப்பப்பட்டது.

அதன் பின் நடந்தவை

மறு திங்களன்று அலைவரிசையின் நிரல் கூட்டத்தில் மூன்று விஷயங்கள் முன்வைக்கப்பட்டன. மாலை ஒரு மணி நேர நிகழ்ச்சியைத் தொடரக் கோரிக்கை எழுந்தது. குழு மறுத்துவிட்டது. அந்த நேரத்தின் பாதி காப்பகப் படங்களால் ஆனது. மாவோரி ஒலி-ஒளிப் பதிவுகளுக்குச் சம்பந்தப்பட்ட குலத்தின் அல்லது குடும்பத்தின் காப்பாளரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். சிலருக்கு ஒரு வாரம், சிலருக்கு இரண்டு மாதம் ஆகும், அவசரப்படுத்த முடியாது, அவசரப்படுத்தவும் கூடாது. வாரம் ஒரு மணி நேரம் என்று வாக்குக் கொடுத்தால் மூன்றாவது வாரமே யாரையாவது நெருக்க வேண்டியிருக்கும்.

வானிலை நிரந்தரமானது. ஊர்ப் பெயர்களைச் சரியாகச் சொல்லவும், மழை, காற்று, பனி முதலிய சொற்களை மாவோரியில் சொல்லவும் தொகுப்பாளர் வாரத்துக்கு முன்பே ஆலோசகரோடு தினமும் கால் மணி நேரம் பயிற்சி செய்திருந்தார். வாரம் முடிந்த பின்னும் அப்படியே தொடர்ந்தார். இரவுதோறும் அதே சொற்கள், அதே வரைபடம், அதே இடம். கற்பவருக்கு வேண்டியது இந்தத் திரும்பத் திரும்ப வருதல்தான். பார்வையாளர் அழைப்புகளில் முதல் மூன்று நாள் ‘புரியவில்லை’ என்று வந்தவை அடுத்த வாரத்தில் நின்றன.

சிறுவர் நிகழ்ச்சி சனிக்கிழமைக் காலைக்கு மாற்றப்பட்டுத் தொடர்கிறது. டப்பிங்குக்குப் பிள்ளைகளின் குரல்கள் ஒரு மாவோரி வழிப் பள்ளியிலிருந்து வருகின்றன. பேசும் பிள்ளைகளைக் கேட்கும் பிள்ளைகளுக்கு அந்தக் குரல் அடுத்த வீட்டுக் குரல்.

மாற்ற வேண்டியவை

நேரலைக்கு முன் மராய்க்காரர்களிடம் உரை முறை எது, எத்தனை பேச்சாளர்கள் என்று கேட்டு, வந்த நேரத்தோடு பாதியைக் கூட்டிக்கொண்டு, விளம்பரமே இல்லாத நேரத்தில் வைக்க வேண்டும். முன்னோட்டக் கோப்பின் பெயரில் அதில் தோன்றும் ஒவ்வொருவரின் பெயரும் இருக்க வேண்டும், நிகழ்ச்சியை நிறுத்தும் அதே கட்டளையில் அவையும் நிற்க வேண்டும். பதிவு ஒப்புதல் படிவத்தில், ஒளிபரப்புக்கு முன் ஏதேனும் நேர்ந்தால் யாரைக் கேட்பது என்ற வரியும் சேர்க்கப்பட்டுள்ளது. பெரியவர்களிடம் இதைக் கேட்க இளைஞர்கள் தயங்கினார்கள். கேட்கப்பட்ட பெரியவர்கள் தயக்கமில்லாமல் பதில் சொன்னார்கள், சிலர் இரண்டு பெயர்கூடக் கொடுத்தார்கள்.

சனிக்கிழமை நிகழ்ச்சிக்கு இன்னும் தீராத சிக்கல் வசன எழுத்தாளர். வாயசைவுக்கு ஏற்ப மாவோரியில் எழுதுவது தனிக் கை. ஒருவரே எழுதினால் மாதத்துக்கு நான்கு பகுதிக்கு மேல் தாங்காது, அதுவும் அவர் விடுப்பே எடுக்காவிட்டால். அதே மாவோரி வழிப் பள்ளியில் படித்து வெளிவந்த ஒருவர் இப்போது அவரிடம் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறார். முதல் மூன்று மாதம் அவர் எழுதும் வசனங்கள் ஒலிப்பதிவுக்குப் போகாது. எழுதி, ஓட்டிப் பார்த்து, திருத்துவது மட்டுமே.